பரியமாக வந்த இரண்டு சக்கரங்கள்

மலைப்பாதையில் என் அண்ணன் சடையன் முன்னால் இறங்கி வருகிறான். அவன் தோளில் ஒரு மூங்கில் கம்பு. கம்பின் மறுமுனை இன்னொருத்தர் தோளில். நடுவில் கயிறு போட்டுத் தொங்குகிறது ஒரு மோட்டார்ச் சக்கரம். அவர்களுக்குப் பின்னால் அதே மாதிரி இன்னும் இரண்டு பேர், இன்னொரு சக்கரம்.

நாலு பேர் முதுகிலும் வேர்வை வழிகிறது. வெயிலில் சக்கரத்தின் இரும்பு வளையம் பளிச்சென்று அடிக்கிறது. புளியஞ்சோலை ஓடையில் கால் வைத்ததுமே அண்ணன் அங்கிருந்து கத்தினான்.

“கண்ணு! கெடச்சிருச்சு பாத்தியா! ரெண்டும் கெடச்சிருச்சு!”

நான் உரலில் கம்புத் தானியம் இடித்துக்கொண்டிருந்தேன். உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினேன். என் ஆயுசில் அப்படி ஓடியது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் நின்றது என்கிறீர்கள்? நாலு பேரும் ஆளுக்கொரு சொம்பு மோர் குடிக்கிற நேரம்.

போன வாரம் நான் எழுதினதைப் படித்துவிட்டு ஒரு அம்மா எழுதிக் கேட்டிருந்தார்கள், நீங்கள் நிஜமாகவே மோட்டாருக்குள்ளேயா குடித்தனம் பண்ணினீர்கள் என்று. நிஜமாகத்தான். எனக்கு எழுத்து ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வரும், அதனால் பொய்யெல்லாம் எழுத எனக்கு நேரம் கிடையாது. கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்லி வருகிறேன்.

ஊட்டு மோட்டார்

அது ஒரு வெள்ளைக்காரருடைய வண்டி. மலையில் இருக்கிற செடி கொடியெல்லாம் பறித்துக் காகிதத்துக்கு நடுவில் வைத்து அழுத்தி, சீமைக்கு அனுப்புவார். எங்கள் ஆட்கள் அவரை இலை தொரை என்பார்கள். முன்னால் பார்த்தால் லாரி, பின்னால் பார்த்தால் மரப்பலகை வீடு, அதனால்தான் ஊட்டு மோட்டார் என்று பேர். உள்ளே மடக்கிப் போடுகிற கட்டில், கம்பிவலை போட்ட ஜன்னல், தகரம் அடித்த சமையல் மூலை. எப்போதும் காய்ந்த இலையும் சூடமும் கலந்த ஒரு வாசம்.

அந்த வண்டிக்கு டிரைவர் எங்கள் வீட்டுக்காரர். எங்கள் மலையில் பைல் நாடு என்கிற பகுதியில் பிறந்தவர். அப்போதெல்லாம் மேலே ரோடே கிடையாது. ரோடே இல்லாத மலையிலிருந்து இறங்கிப்போய் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்ட ஆள் அவர் ஒருத்தர்தான். பேர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள், சின்னக் குழந்தைகூட டிரைவரு என்றுதான் சொல்லும். எனக்கு அதில் பெருமைதான். இப்போதும் பெருமைதான்.

சீமையில் சண்டை வரப்போகிறது என்று பேச்சு வந்தபோது இலை தொரை ஊருக்குக் கிளம்பினார். போகிறபோது வண்டியை இவருக்கே கொடுத்துவிட்டார். கூடவே உபரியாக இரண்டு சக்கரங்களும், ஆள் படுக்கலாம் போல நீளமான ஒரு தகரப் பெட்டியும்.

வண்டி இருந்தது, பெட்ரோல் இல்லை. புளியஞ்சோலையில் ஓடைக்கரையில் ஒரு மருத மரத்தடியில் நிறுத்தினார். நின்றது நின்றதுதான்.

எங்கள் ஐயன் தட்டிப் பார்த்தது

எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வந்தால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பரியம் கொடுக்க வேண்டும். தானியம் கொடுப்பார்கள், மாடு கொடுப்பார்கள். டிரைவருக்கு நிலமும் இல்லை, மாடும் இல்லை. அந்த மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா? அந்த உபரிச் சக்கரம் இரண்டையும் ஆள் வைத்து மலைக்குத் தூக்கி வந்துவிட்டார்.

எங்கள் ஊர் ஜனங்கள் எல்லாம் தலைச்சுமைதான். வண்டி என்று ஒன்று பாதையில் ஓடிப் பார்த்ததில்லை. சமதளம் வந்ததும் ஆசைக்கு ஒரு சக்கரத்தை உருட்டிவிட்டிருக்கிறார்கள். அது பாட்டுக்கு ஓடி, ஒருத்தர் வேலியை உடைத்து, சாமைக் காட்டுக்குள் போய் விழுந்து படுத்துக்கொண்டது. காட்டுக்காரர் அருவாளோடு வந்துவிட்டார். என் கல்யாணத்தில் முதல் சண்டை அதுதான்.

என் தகப்பனாரை நாங்கள் ஐயன் என்போம். ஐயன் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். உலக்கைத் தடிமனில் மர ஆரக்கால்கள், சுற்றி இரும்பு வளையம், அதன் மேல் ரப்பர்.

“கல்லு வெச்சு, அதும்மேல இதைப் படுக்கப் போட்டு, அதும்மேல தொம்பையை வெச்சா எலி ஏறுமா?” என்று கேட்டார்.

“ஏறாதுங்க மாமா. பொதுக்குனு கீழ உழுந்துரும்.”

“அப்பச் செரி. பொண்ணைக் கூட்டிட்டுப் போ.”

தொம்பை என்றால் மூங்கிலில் பின்னி மண் பூசிய தானியக் கூடு. ஆக, என்னைக் கொடுத்து வாங்கிய சக்கரங்கள் எங்கள் வீட்டுச் சாமையையும் கேழ்வரகையும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. சக்கரத்து நடுக் குடத்தில் அம்மா அப்பி வைத்த மஞ்சள் காயக்கூட இல்லை, நான் மலை இறங்கிவிட்டேன்.

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை. அதை அப்போது குறையாகவும் நினைக்கவில்லை.

ரேஞ்சர் கேட்ட கேள்வி

மகள் பொன்னிக்கு இரண்டு வயசு நடக்கிறது. ஒரு மழைக்காலக் காலையில் வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிள்ளை கட்டிலிலிருந்து உருண்டு பலகைச் சுவரில் போய் முட்டி அழுகிறாள். இறங்கிப் பார்த்தால் பின்சக்கரம் இரண்டிலும் கரையான். ஆரக்கால் ஒவ்வொன்றும் விரலால் அமுக்கினால் மாவாகக் கொட்டுகிறது. வண்டி அச்சு மண்ணில் உட்கார்ந்துவிட்டது.

நாங்கள் கல்லை அண்டக் கொடுத்து நிமிர்த்திவிட்டு இருந்திருப்போம். அந்த வாரமே புதிதாக வந்த ரேஞ்சர் அந்தப் பக்கம் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பூட்ஸ் காலால் உளுத்த சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

“ஏம்மா, இது வண்டியா, வீடா?”

“வண்டிதானுங்க சாமி.”

“வண்டின்னா ஓடணும். நின்ன இடத்துலயே நின்னா அதுக்குப் பேரு வீடு. காட்டு எல்லைக்குள்ள வீடு இருக்கக் கூடாது. பதினஞ்சு நாள் கழிச்சு வர்ற வெள்ளிக்கிழமை வருவேன். சக்கரத்துல உருட்டி அந்த எல்லைக் கல்லைத் தாண்டிக் காட்டுங்க. இல்லேன்னா ஆள் விட்டுப் பிரிச்சிருவேன். இரும்புக்கு இப்போ எவ்வளவு கிராக்கி தெரியுமில்ல?”

எல்லைக் கல் ஒன்றும் தூரத்தில் இல்லை. எங்கள் வாசலிலிருந்து ஒரு கூப்பிடு தூரம்.

ஆறு ஓட்டை

டிரைவர் துறையூருக்கு நடந்தார். பழைய இரும்புக் கடையில் கேட்டதற்கு அந்த ஆள் சிரித்தாராம். “மனுஷனையே சண்டைக்கு அள்ளிட்டுப் போறானுவ, சக்கரத்தையா உட்டு வெப்பான்?”

அடிவாரத்தில் மாட்டு வண்டி செய்கிற ஆசாரி வந்தார். கயிறு வைத்து அச்சை அளந்தார். “வண்டிக் குடம் இதுல ஏறாதுங்க டிரைவரே. புதுசாக் கடையறதுன்னா மரம் காயணும். மழை நிக்காம மரம் காயாது.”

அப்புறம் ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் உடைந்த லாரி கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, ரெண்டு நாள் நடந்து போய், ஒற்றைச் சக்கரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். வைத்துப் பார்த்தால் நம் வண்டிக்கு அஞ்சு போல்ட்டு, அந்தச் சக்கரத்தில் ஆறு ஓட்டை. மனுஷன் மண்ணில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப எண்ணுகிறார்.

“எண்ண எண்ணக் கொறையறதுக்கு அதென்ன பலகாரமுங்களா?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மிளகு மூட்டை இறக்க வந்த ஆளிடம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். மேலே வருகிற வியாபாரிகளிடம் எங்காவது மோட்டார்ச் சக்கரம் இருக்கிறதா என்று விசாரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். ஐயன் வீட்டில் இருக்கிற இரண்டும் என் நினைப்பிலேயே வரவில்லை. பரியமாகப் போன பொருளை யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் நாட்டு வழக்கத்தில், பெண் வீட்டு ஆள் பரியத்தைக் கொண்டுபோய் மாப்பிள்ளை வாசலில் இறக்கிவிட்டால் அந்தக் கல்யாணம் முடிந்தது. கட்டு அறுந்தது. பெண் தகப்பன் வீட்டுக்குப் போகலாம். பிள்ளை இருந்தால் அது புருஷன் பக்கம்.

என் அண்ணனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் தங்கச்சிக்கு வீடு போகிறது என்று கேட்டதும் அவன் புத்தியில் வேறெதுவும் நிற்கவில்லை. ஐயன் குண்டனி நாட்டுக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தார். அம்மா காட்டில். இவன் தொம்பையைக் காலி பண்ணி, பாயில் தானியத்தைக் கொட்டி வைத்துவிட்டு, பக்கத்து ஊரில் மூன்று ஆளைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தோடு கிளம்பிவிட்டான்.

மோர் குடித்த நேரம்

இப்போது மருத மரத்தடிக்கு வருகிறேன்.

நாலு பேரும் சக்கரங்களை வண்டிப் படிக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். டிரைவர் ஓடிவந்து ஓட்டையை எண்ணினார். அஞ்சு! சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் மோர் கொடுத்தேன்.

தூக்கி வந்ததில் வயசான ஒருத்தர், மோரைக் குடித்துக்கொண்டே சக்கரத்துக் குடத்தைக் குனிந்து பார்த்தார். விரலால் சுரண்டி மோந்தார்.

“ஏன் சடையா, இதுல மஞ்ச அப்பியிருக்குது?”

அண்ணன் வாய்க்குக் கொண்டுபோன சொம்பைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் அப்போதுதான் அது வந்து இறங்கியது.

“இது பரியச் சக்கரமா?”

“அய்யோ” என்றான் அண்ணன்.

“திருப்பித் தூக்குங்க! இப்பவே தூக்குங்க!” என்று டிரைவர் கத்தினார்.

“எறக்குனது எறக்குனதுதானுங்க டிரைவரே” என்றார் பெரியவர். “நாலு பேரு பாத்தாச்சு. நானும் பாத்தேனே, தொட்டு மோந்தும் பாத்தேனே. இனி ஊர்க்கவுண்டர்தான் வந்து தீர்ப்புச் சொல்லணும்.”

நான் படியில் ஒரு கால் வைத்திருந்தேன். அதை எடுத்துக் கீழே வைத்தேன். மோட்டாருக்குள் பொன்னி தூங்கிக்கொண்டிருந்தாள். என்னால் உள்ளே போக முடியாது. அது இப்போது வேறொருத்தர் வீடு.

செல்லாயி வேலிக்கு அந்தப் பக்கம்

ஓடைக்கு அந்தப் பக்கம் சொந்தக் காடு வைத்து உழுகிற குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்காரி செல்லாயி எனக்குச் சினேகிதி. அவள் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டு முதலில் வாயைப் பொத்தினாள், அப்புறம் சிரித்தாள்.

“எங்க சனத்துல சாகற வரைக்கும் அத்துக்க முடியாது சாமி. நான் எத்தன நாளு நெனச்சிருக்கறேன் தெரியுமா? உனக்குப் பாரு, ரெண்டு சக்கரத்துலயே சோலி முடிஞ்சிருச்சு!”

“என் புள்ள அங்க இருக்குது செல்லாயி” என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அண்ணன் அப்படியே திரும்பி மலை ஏறிவிட்டான், ஐயனையும் ஊர்க்கவுண்டரையும் கூட்டிவர. அது புதன்கிழமை. ரேஞ்சர் வெள்ளிக்கிழமை வருவார். சக்கரத்தையே திரும்பப் பரியமாகக் கொடுத்தால் வீடு போகும். வைத்துக்கொண்டால் நான் போக வேண்டும், பிள்ளையை விட்டுவிட்டு. இதுதான் நிலைமை. அழுகை வந்தது என்று சொன்னால் அது பொய். கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பொழுது சாய்கிற முன்னால் டிரைவர் வேலி வரைக்கும் வந்தார். இடுப்பில் பொன்னி. என்னோடு பேசலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. வேலிக்கட்டையைப் பார்த்துக் கேட்டார்.

“உப்பு எங்கிருக்குது?”

நானும் செல்லாயியைப் பார்த்துச் சொன்னேன். “ஜன்னலுக்குக் கீழ, மூடி போட்ட டப்பாவுல இருக்குதுன்னு சொல்லு.”

“ஜன்னலுக்குக் கீழயாமுங்க” என்றாள் செல்லாயி, பக்கத்தில் நின்றுகொண்டு.

“கஞ்சி அடிப்புடிச்சுப் போச்சு.”

“தீயைத் தணிக்கணும்னு சொல்லு.”

“தீயைத் தணிக்கோணுமாம். ஏனுங்க, நான் வேணா கொஞ்ச நேரம் உள்ள போய் மாட்டுக்குத் தண்ணி வெக்கறேன், நீங்க ரெண்டு பேரும் வேலிகிட்டயே பேசிக்கங்க.”

பிள்ளை கை நீட்டினாள். வேலி மேலேயே அவளை வாங்கிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை.

என்னைக் கேட்டார்கள்

வியாழக்கிழமை உச்சிப் பொழுதுக்கு ஊர்க்கவுண்டர் இறங்கி வந்தார். கூட ஐயன். ஐயன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சே தொம்பைதான்.

“சாமையைப் பாயில கொட்டிட்டு வந்திருக்கறானுங்க! எலி மாமன் மச்சானெல்லாம் கூட்டிட்டு வந்து விருந்து திங்குது!”

அண்ணன் தலையைக் குனிந்து நின்றான். பாவமாக இருந்தது.

ஊர்க்கவுண்டர் மருத மரத்து வேரில் உட்கார்ந்தார். பேச்சு அளந்து பேசுகிற ஆள். தூக்கி வந்த பெரியவரைக் கேட்டார், அண்ணனைக் கேட்டார். வெற்றிலையை மென்று துப்பிவிட்டுச் சொன்னார்.

“பரியம் வாசல்ல எறங்கிருச்சு. கட்டு அறுந்துருச்சு. தெரியாம எறங்குனாலும் எறங்குனதுதான். சக்கரம் இனி டிரைவருது. திரும்பக் கட்டறதுன்னா புதுப் பரியம், புதுக் கயிறு.”

ஐயன் பக்கம் திரும்பினார். “பொண்ணைக் குடுக்கறியா?”

“குடுத்த பொண்ணுதானுங்களே.”

“செரி.” இப்போது என் பக்கம் திரும்பினார். “அறுத்த கட்டைத் திரும்பக் கட்டறதுன்னா பொண்ணு வாய்ச்சொல்லு வேணும். நீ என்ன சொல்ற கண்ணு?”

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். இருபது வயசு தாண்டிய எனக்கு, என் கல்யாணத்தைப் பற்றி ஒருத்தர் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. சட்டென்று ஆமாங்க என்று சொல்லியிருக்கலாம். பிள்ளை என் முந்தானையைச் சப்பிக்கொண்டிருக்கிறாள், வேறென்ன சொல்லப் போகிறேன்? ஆனால் எனக்கு அவசரம் வரவில்லை. கேட்டுவிட்டார்கள் அல்லவா, கொஞ்சம் இருக்கட்டும் என்று பட்டது.

வெற்றிலை ஒன்றை எடுத்தேன். காம்பு கிள்ளினேன். துடைத்தேன். சுண்ணாம்பு தடவினேன்.

“என்னடி இவ, திருவிழாவுக்கு வந்தவளாட்டம்!” என்று செல்லாயி முணுமுணுக்கிறாள். டிரைவர் நெற்றியில் வேர்வை. வேட்டி முனையால் துடைக்கிறார், திரும்பவும் வேர்க்கிறது.

“பரியம் என்னன்னு நான் சொல்லலாமுங்களா?” என்றேன்.

ஊர்க்கவுண்டருக்கு அது புதுசு. புருவத்தைத் தூக்கினார். “சொல்லு.”

“தகரப் பெட்டி.”

டிரைவர் முகம் மாறியது. இலை தொரையின் பெட்டி அது. தொரை விட்டுப்போன இலைக் காகிதங்கள் அப்படியே உள்ளே இருந்தன. அதை அவர் வாரம் ஒரு தடவை திறந்து துடைத்து மூடுவார். என்றைக்காவது தொரை திரும்பி வந்து கேட்பார் என்று அவருக்கு ஒரு எண்ணம். எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

“எலி தகரத்தைத் திங்காதுங்க ஐயா” என்று என் தகப்பனாரைப் பார்த்துச் சொன்னேன். “அதுல நம்ம சாமை அத்தனையும் கொள்ளும்.”

ஐயன் கண் பெட்டி இருக்கிற பக்கம் போய்விட்டது. அப்போதே போய்த் தட்டிப் பார்க்க வேண்டும் என்று அவர் விரல் துடிக்கிறது.

டிரைவர் வண்டிக்குள் ஏறினார். பெட்டி மூடி திறக்கிற சத்தம். அப்புறம் காகிதம் எடுக்கிற சரசரப்பு. கட்டுக் கட்டாக எடுத்துக் கட்டிலில் அடுக்கினார் போல. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஐயன் முன்னால் வைத்தார். வேட்டியெல்லாம் இலைத் தூள்.

“இப்பச் சொல்லு கண்ணு” என்றார் ஊர்க்கவுண்டர்.

“நீங்க கேட்டா போதுமுங்களா? கட்டறவரு கேக்கட்டும்.”

கூட்டம் சிரித்தது. அண்ணன்கூடச் சிரித்தான். டிரைவருக்குக் காது சிவந்துபோயிற்று. என்னைப் பார்க்காமல் காலால் மண்ணைக் கிளறினார். அப்புறம் பார்த்தார்.

“ஊட்டுக்கு வாரயா புள்ள?”

“வாரேனுங்க” என்றேன்.

வெள்ளிக்கிழமை

மஞ்சள் கயிறு கட்டின கையோடு சக்கரம் மாட்டுகிற வேலை ஆரம்பித்தது. வண்டியைப் பனந்தடியால் நெம்பித் தூக்கி, கரையான் தின்றதைக் கழற்றி, அச்சில் விளக்கெண்ணெயை ஊற்றி, புதுசை ஏற்றினார்கள். ஐயன் பெட்டியை விட்டு நகரவில்லை. ரப்பர் அங்கங்கே வெடித்திருந்தது. ஆனால் சக்கரம் வட்டமாக இருந்தது. அது போதும்.

காலையில் ரேஞ்சர் வந்தார். செல்லாயி வீட்டுக்காரர் இரண்டு ஜோடி மாட்டைப் பூட்டி நிறுத்தியிருந்தார். ரேஞ்சர் என் கழுத்துக் கயிற்றைப் பார்த்தார்.

“என்னம்மா, வீட்ல விசேஷமா?”

“ஆமாங்க. கல்யாணமுங்க.”

“யாருக்கு?”

“எனக்குத்தானுங்க.”

அவர் பொன்னியைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார்.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஏறினேன். டிரைவர் முன்னால் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். இழுப்பது மாடு, ஆனாலும் அவர் முறையாகக் கையை வெளியே நீட்டிச் சைகை காட்டினார். “ஹை!” என்று ஒரு சத்தம். பலகையெல்லாம் முனகியது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு சத்தம். அப்புறம் கம்பிவலை ஜன்னலில் மருத மரம் மெதுவாகப் பின்னால் போக ஆரம்பித்தது.

“அம்மா, மரம் போகுது!” என்று பொன்னி அலறினாள்.

அந்த வீட்டில் மூன்று வருஷம் குடியிருந்தேன். அது நகர்ந்து அன்றுதான் பார்க்கிறேன். இத்தனை நாள் மூச்சை முழுதாக விடவில்லை என்று, விட்டபோதுதான் தெரிந்தது.

எல்லைக் கல் ஜன்னலுக்குக் கீழே வந்தது. கடந்தது.

“போதும்! போதும்! பாத்துட்டேன், வண்டிதான்! நிறுத்துங்க!” என்று ரேஞ்சர் பின்னாலிருந்து கூப்பிடுகிறார்.

மாட்டுக்காரர் திரும்பி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் திரும்பி, பலகைச் சுவரில் இருந்த சின்னத் திறப்பு வழியாக என்னைப் பார்த்தார்.

“நிறுத்தட்டுமா?” என்று கேட்டார். இரண்டு நாளில் இரண்டாவது தடவையாக என்னைக் கேட்கிறார்.

“இன்னும் கொஞ்சம் தூரம் போகட்டுமுங்க” என்றேன்.